ஓடுபாதை விளக்குகள்

இரவு நேரத்தில் விமானத்தில் வந்து இறங்கியவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். நகரத்து விளக்குகள் கீழே சிதறிக் கிடக்கின்றன. தெருக்கள் பொன்னிழைகளைப் போல் நீண்டு ஓடுகின்றன. விமானம் தாழத் தாழ அந்த வெளிச்சமெல்லாம் பின்னே ஒதுங்கிப் போய், கடைசியில் ஓர் இருண்ட வெளி வருகிறது. எங்கே ஒளி மிகுந்திருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அந்த விமான நிலையத்தின் நடுவிடமே ஊரில் மிக இருண்ட இடமாக இருக்கிறது. சன்னலுக்கு வெளியே சிறு சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் விரைந்து ஓடுகின்றன. சக்கரம் தரையைத் தொடுகிறது. ஒருமுறை என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், "இவ்வளவு பெரிய விமானத்தை இறக்குவதற்கு இந்த மின்மினிகள்தாமா?" என்று கேட்டார். விமானம் நிற்பதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடையாக அஃது எனக்குத் தோன்றவில்லை. இன்று சற்று விரிவாகவே அந்த விடையைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

தெருவிளக்கின் வேலை தெருவைக் காட்டுவது. ஓடுபாதை விளக்கின் வேலை அவ்வாறானதன்று. தரையை வெளிச்சமாக்குவதற்கென்று அது வைக்கப்படவில்லை. கடைசிச் சில விநாடிகளில் தரையைக் காண்பதற்கு விமானத்தின் சொந்த முகவிளக்குகளே போதும். ஓடுபாதை முழுவதையும் விளையாட்டு மைதானத்தைப் போல் ஒளிவெள்ளத்தில் ஆழ்த்தினால், மூடுபனி நாளில் அந்த ஒளியே வெள்ளைச் சுவராக எழுந்து விமானியின் கண்ணை மறைத்துவிடும். விமானி அந்த விளக்குகளின் ஒளியைக் கொண்டு வேறொன்றைப் பார்ப்பதில்லை, விளக்குகளையேதான் பார்க்கிறார். அவை எந்த ஒழுங்கில் நிற்கின்றன, எந்த நிறத்தில் நிற்கின்றன என்பவற்றிலிருந்து, தாம் எங்கே இருக்கிறோம், எப்படிச் சாய்ந்திருக்கிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று படித்துக்கொள்கிறார். பயணிகளாகிய நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம். ஏட்டைப் பிரித்துப் பாராமல் அதன் விளிம்பை மட்டும் பார்ப்பவனுக்கு எழுத்துத் தெரியாதல்லவா? நம் நிலையும் அதுதான்.

இருள் விமானியிடமிருந்து எவற்றைப் பறிக்கிறது என்பதை முதலில் காண வேண்டும். பகலில் இறங்கும்போது அவர் கணக்கொன்றும் போடுவதில்லை. எதிரே தொடுவானம் கிடையாகத் தெரிகிறது; தம் விமானம் ஒருபுறம் சாய்ந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். மரங்களும் வீடுகளும் பழகிய அளவினவாதலின் தொலைவு தானே புலப்படும். தரை தம்மை நோக்கிப் பெருகி வரும் விதத்திலேயே போகும் திசை விளங்கும். இரவில் இவை யாவும் மறைந்து, புள்ளிகள் மட்டுமே எஞ்சுகின்றன. தனியாக நிற்கும் ஒளிப்புள்ளி மிகவும் ஏமாற்றுக்காரனானது. அது அருகிலுள்ள மங்கலான விளக்கா, தொலைவிலுள்ள பெரிய விளக்கா என்று கண்ணால் சொல்ல இயலாது. இருளில் அதையே உற்று நோக்கிக்கொண்டிருந்தால், அசையாத விளக்கு அசைவது போலவும் தோன்றும்.

இவற்றோடு வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய விமானம் இறங்கும்போது மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது, விநாடிக்கு 70 மீட்டர். இறங்கும் சரிவு பொதுவாக 3 பாகை. ஒரு கிலோமீட்டர் முன்னேறினால் ஐம்பது மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழும். மேகமும் பனியும் மூடிய இரவில் வானொலி அலைகளின் துணையால் கருவிகளைப் பார்த்துக்கொண்டே இறங்கிவரலாம். ஆயினும் சாதாரண வகைக் கருவி இறக்கத்தில், தரைக்கு 60 மீட்டர் உயரத்தில் வந்ததும் விமானி தலையை நிமிர்த்தி வெளியே பார்க்க வேண்டும். விளக்குகள் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் மீண்டும் மேலேறிவிட வேண்டும். அந்த உயரத்திலிருந்து சக்கரம் தரையைத் தொடும் இடம் வரை உள்ள நேரம் பதினாறு விநாடி. தாம் நடுவில் இருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா, உயரம் சரிதானா என்னும் மூன்று கேள்விகளுக்கும் அதற்குள் விடை கிடைத்தாக வேண்டும். பெரியவர் கண்ட மின்மினிகள் அந்தப் பதினாறு விநாடிக்காக நிறுத்தப்பட்டவை.

விளக்கைக் கொண்டு வழிகாட்டுவது நமக்குப் புதிதன்று. கலங்கரை விளக்கம் என்னும் சொல்லே கலங்களைக் கூவி அழைக்கும் விளக்கம் என்று பொருள்படும். தொடக்க காலத்து விமானங்களுக்கும் அத்தகைய அழைப்பு விளக்கே வாய்த்தது. 1921 பிப்ரவரியில் அமெரிக்க அஞ்சல் துறை, தபால் பைகளை இரவும் பகலும் நிறுத்தாமல் நாட்டின் குறுக்கே விமானத்தில் கொண்டுபோக ஒரு சோதனை நடத்திற்று. ஜாக் நைட் என்னும் விமானி நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து இரவில் புறப்பட்டார். வழியில் ஊர்மக்கள் சொக்கப்பானைபோல் தீ மூட்டி வைத்திருந்தார்கள். ஒமாஹா நகரில் அவரிடமிருந்து பைகளை வாங்கிக்கொண்டு போக வேண்டிய மற்றொரு விமானி வந்து சேரவில்லை. ஆகவே, தாம் அதுவரை பறந்தறியாத வழியில், ஒரு சாலைப் படத்தை வைத்துக்கொண்டு சிகாகோ வரை அவரே பறந்தார். இடையில் எரிபொருளுக்காக அயோவா நகரில் இறங்கியபோது, அங்கே இருந்த காவலாளி விமானத்தின் ஓசையைக் கேட்டு ஒரு தீவட்டியைக் கொளுத்திக் காட்டினாராம். அதற்குப் பின் சில ஆண்டுகளில் அந்த வழி நெடுகிலும் பத்துப் பதினைந்து மைலுக்கு ஒன்றாகச் சுழல்விளக்குக் கோபுரங்கள் எழுந்தன.

தீயும் சுழல்விளக்கும் ஊரைக் காட்டும். ஆனால் தரையில் எந்த இடத்தில், எந்தத் திசையில் இறங்குவது என்று காட்டுவதற்கு, ஒரு வரிசையாவது வேண்டும். அதற்குப் பல நாடுகளிலும் நெடுங்காலம் பயன்பட்டது ஒரு தகர விளக்கு. தோட்டத்துப் பூவாளியை எடுத்து, அதில் மண்ணெண்ணெய் ஊற்றி, அதன் நீண்ட மூக்கு வழியே திரியைச் செருகிக் கொளுத்தினால் எப்படி இருக்கும்? அதேதான். ஆட்கள் மாலையில் அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய் வரிசையாக வைத்துக் கொளுத்துவார்கள். காற்றின் திசை மாறினால் வரிசையையும் மாற்றி வைப்பார்கள். நம் நாட்டில் 1949 ஜனவரியில் இரவு விமான அஞ்சல் தொடங்கிற்று. சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் விமானங்கள் இரவில் புறப்பட்டு நாகபுரியில் கூடி, தபால் பைகளை மாற்றிக்கொண்டு திரும்பிவிடும். முந்திய நாள் மாலை சென்னையில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில் கிடைக்கும் என்பது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தி. அந்த வியப்பின் பின்னணியில், நள்ளிரவில் நாகபுரியில் ஏற்றிவைத்த விளக்கு வரிசையும் ஒன்று.

இரண்டாம் உலகப்போர் இத்துறையில் ஒரு புது நெருக்கடியை உண்டாக்கிற்று. நம் விமானத்திற்குத் தெரியும் விளக்கு பகைவனுக்கும் தெரியுமே! 1940ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ட்ரெம் என்னும் ஊரின் விமானத்தளத்திற்குத் தலைவராயிருந்தவர் ரிச்சர்ட் ஆட்செர்லி. அவருடைய தளத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் இருந்தன. அவற்றின் மூக்கு மிக நீளம். இறங்கும்போது அது விமானியின் முன்பார்வையை மறைத்துவிடும். மூக்கின் இருபுறமும் இயந்திரப் புகைக்குழாய்களின் தழல் வேறு கண்ணைக் கூசச் செய்யும். பகைவனுக்கு அஞ்சி, தரையிலுள்ள தீபங்களையும் அடிக்கடி அணைக்க வேண்டியிருந்தது. இந்நிலையில் ஆட்செர்லி செய்தது மிக எளிய காரியம். ஒவ்வொரு விளக்கிற்கும் ஒரு மூடியிட்டு, சரியான திசையில் சரியான சரிவில் வருபவன் கண்ணுக்கு மட்டுமே ஒளி படும்படி அமைத்தார். தளத்தைச் சுற்றி வட்டமாகவும் சில விளக்குகளை நிறுத்தி, அவற்றைப் பற்றிக்கொண்டு வளைந்து வந்து ஓடுபாதைக்கு நேரே திரும்பும்படி செய்தார். தவறான இடத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. சரியான இடத்தில் இருப்பவனுக்குத் தெரியும். பகைவனை ஏமாற்றச் செய்த இந்த உபாயத்திலேயே ஒரு பெரிய உண்மை அடங்கியிருந்தது. விளக்குத் தெரிவதும் தெரியாததுமே விமானிக்கு ஒரு செய்தியாகிவிடுகிறது. ட்ரெம் முறை என்னும் பெயருடன் அது பிரிட்டிஷ் விமானப்படைத் தளங்களுக்கெல்லாம் பரவிற்று.

அதே போரில் வேறொரு முயற்சியும் நடந்தது. ஓடுபாதையின் இருமருங்கும் குழாய் பதித்து, அதில் பெட்ரோலை எரித்து, அந்த வெப்பத்தால் மூடுபனியையே கலைத்தார்கள். மணிக்குப் பல்லாயிரம் காலன் எரிந்தது. சற்றேறக்குறைய 2,500 விமானங்கள் அந்த நெருப்புச் சுவர்களுக்கு நடுவே பத்திரமாக இறங்கின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உயிருக்கு விலை பார்க்காத காலத்தில் அது தகும். போர் முடிந்தபின் அந்தச் செலவை ஏற்பவர் இல்லை.

இனி இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறேன். போர் முடிந்த காலத்தில் ஓடுபாதைக்கு முன்னால் வைக்கும் அணுகு விளக்குகளை எப்படி அமைப்பது என்று ஆளுக்கொரு முறை சொன்னார்கள். இடப்பக்கம் ஒரே வரிசையாக வைக்கலாம் என்றனர் சிலர். இருபுறமும் இரண்டு வரிசை என்றனர் வேறு சிலர். புனல்போல் குவிந்துவரும் வரிசைகள் வேண்டும் என்றவர்களும் உண்டு. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ நகரத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கால்வெர்ட் என்னும் பொறியறிஞர் விளக்கை விட்டுவிட்டுக் கண்ணை ஆராயத் தொடங்கினார். இறங்கிவரும் மனிதனின் கண்ணுக்கு விளக்கு வரிசை எவ்வாறு தோன்றும், அவன் நகர நகர அத்தோற்றம் எவ்வாறு மாறும் என்பதே அவருடைய கேள்வி.

அவர் கண்ட சிக்கலை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேசையின்மேல் ஒரு வெள்ளை நூலை உங்களுக்கு எதிரே நேராக நீட்டி வையுங்கள். நூலுக்கு நேர் பின்னே நின்று, கண்ணை மேசைக்குச் சற்று மேலே தாழ்த்திப் பார்த்தால், நூல் செங்குத்தாக எழுந்து நிற்பதுபோல் தோன்றும். இப்போது ஓரடி வலப்புறம் நகருங்கள். நூலின் அருகிலுள்ள முனை இடப்புறம் விலகி, நூல் சாய்வாகத் தோன்றும். மீண்டும் பழைய இடத்திற்கே வந்து, நகராமல் தலையை மட்டும் ஒரு பக்கம் சாயுங்கள். அப்போதும் நூல் சாய்வாகவே தோன்றும். நீங்கள் விலகியதாலும் நூல் சாய்கிறது, சரிந்ததாலும் சாய்கிறது. பகலிலே மேசையின் விளிம்பும் சுவரும் எது உண்மை என்று சொல்லிவிடும். இருட்டறையில் நூல் மட்டும் ஒளிர்ந்தால் என்ன செய்வீர்கள்?

ஒரே வரிசை விளக்கைப் பார்த்துவரும் விமானியின் நிலை இதுதான். அவர் உண்மையில் வலப்புறம் விலகியிருக்கிறார். தம் விமானம்தான் சரிந்திருக்கிறது என்று தவறாக எண்ணிவிடுகிறார். அதை நிமிர்த்துவதாக நினைத்து, நேராக இருக்கும் விமானத்தைச் சரிக்கிறார். அறுபது மீட்டர் உயரத்தில் இந்தப் பிழை பொறுக்கத்தக்கதன்று. இறக்கையின் நுனி தரையில் இடிக்கும். இதற்குக் கால்வெர்ட் கண்ட பரிகாரம், அந்த நடுவரிசையின் குறுக்கே கிடையாகச் சில விளக்கு வரிசைகளை வைப்பது. விமானம் விலகியிருந்தால் நடுவரிசை மட்டும் சாய்ந்து தோன்றும். குறுக்கு வரிசைகள் கிடையாகவே இருக்கும். விமானம் சரிந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே சாயும். இருள் பறித்துக்கொண்ட தொடுவானத்தை, ஒரு துண்டாக வெட்டியெடுத்து, ஓடுபாதையின் வாயிலில் விளக்குகளால் மீண்டும் வரைந்து கொடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். இதைவிடச் சிக்கனமான கண்டுபிடிப்பு ஒன்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கால்வெர்ட் முறையில் அணுகு விளக்குகள் ஓடுபாதை தொடங்கும் இடத்திற்கு முன்னால் 900 மீட்டர் நீளத்திற்கு நிற்கின்றன. 150 மீட்டருக்கு ஒரு குறுக்கு வரிசையாக ஐந்து உண்டு. தொலைவில் உள்ளது அகலம். ஓடுபாதையை நெருங்க நெருங்க அகலம் குறையும். அவற்றின் முனைகளைக் கோடிட்டு இணைத்தால் அக்கோடுகள் சக்கரம் தொட வேண்டிய இடத்தை நோக்கிக் கூடுகின்றன. நடுவரிசையிலும் ஒரு குறிப்பு உண்டு. முதல் 300 மீட்டரில் மும்மூன்று விளக்குகள், அடுத்த 300 மீட்டரில் இரண்டிரண்டு, கடைசி 300 மீட்டரில் ஒவ்வொன்று. ஆகவே மூடுபனியின் கிழிசலில் ஒரு சிறு பகுதி மட்டும் தென்பட்டாலும், இன்னும் எவ்வளவு தொலைவு என்பது விமானிக்கு விளங்கிவிடும். முன்னர்ச் சொன்ன 60 மீட்டர் உயரத்திற்கு விமானம் வந்து சேரும்போது, இந்த 900 மீட்டர் வரிசையின் தொடக்கம் ஏறத்தாழ அதன் காலடியில் இருக்கும். அந்த நீளம் மனம்போன போக்கில் வைத்ததன்று என்பது இதனால் தெரிகிறது. அமெரிக்கர் தம் வழக்கப்படி சிறிது மாற்றி, ஒரு பெரிய குறுக்கு வரிசையும், ஓடுபாதையை நோக்கி விநாடிக்கு இருமுறை ஓடுவதுபோல் மின்னும் விளக்குகளும் வைத்தார்கள். இரண்டும் இன்று உலகில் வழங்குகின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1951ஆம் ஆண்டு முதல் இத்தகைய அமைப்புகளுக்குப் பொதுவிதிகளை வகுத்து வருகிறது. அதனால் சென்னையில் பழகியவர் டோக்கியோவில் இறங்கினாலும் ஒரே மொழியைத்தான் படிக்கிறார்.

அம்மொழியின் நிறங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓடுபாதை தொடங்கும் இடத்தில் குறுக்கே பச்சை. முடியும் இடத்தில் சிவப்பு. இருமருங்கும் வெள்ளை, அவற்றின் இடைவெளி 60 மீட்டருக்கு மிகாது. கருவித் துணையால் இறங்கும் ஓடுபாதைகளில், கடைசி 600 மீட்டரில் அந்த வெள்ளை மஞ்சளாகிறது. சில ஓடுபாதைகளின் நடுக்கோட்டிலும் விளக்குகள் பதித்திருப்பார்கள். முடிவிற்கு 900 மீட்டர் இருக்கும்வரை அவை வெள்ளை. பிறகு சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும். கடைசி 300 மீட்டரில் முழுவதும் சிவப்பு. விமானம் ஓடுபாதையைவிட்டு நிலையத்திற்கு ஊர்ந்து செல்லும் இணைப்புப் பாதைகளுக்கு ஓரத்தில் நீலம், நடுவில் பச்சை. நிறத்தில் குழப்பம் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

உயரத்தைப் பற்றிய கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. வானம் தெளிந்த இரவில் இதில் சிக்கல் இராது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1960களின் நடுவில் புதிய ஜெட் விமானங்கள் சில அடுத்தடுத்து இரவில் இறங்கும்போது விபத்துக்குள்ளாயின. போயிங் நிறுவனத்தைச் சேர்ந்த கான்ராட் கிராஃப்ட் என்னும் உளநூலறிஞர் இதை ஆராய்ந்தார். தரையிலேயே நிறுத்திய போலி விமானி அறையில் தேர்ந்த விமானிகளை உட்காரவைத்து, முன்னே இருண்ட நீர்ப்பரப்பு, அதற்கப்பால் ஒளிமிக்க நகரம் என்னும் காட்சியைக் காட்டி, உயரமானியைப் பாராமல் கண்ணை மட்டும் நம்பி இறங்கிவரச் சொன்னார். அவர்களுள் பெரும்பாலோர் தாம் நினைத்ததைவிட மிகத் தாழ வந்துவிட்டார்கள். தரையிலிருந்த போலி அறையாதலால் ஒருவருக்கும் தீங்கில்லை. விமானிகள் இதைக் கருங்குழி மயக்கம் என்பார்கள். முன்னிடம் முழுவதும் இருளாக இருக்கும்போது, கண் தன்னையறியாமல் தொலைவிலுள்ள நகரம் ஒரே கோண அளவில் தோன்றும்படி விமானத்தைச் செலுத்தச் செய்கிறது. ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள் சமம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தத் தேற்றத்தின்படி, விமானம் நேர்சரிவில் வராமல் வட்டத்தின் வில் போன்ற பாதையில் தொய்ந்து இறங்கும். அத்தொய்வில் மலையோ நீரோ காத்திருந்தால் தப்ப முடியாது. அனுபவமுள்ள விமானி என்பதனால் இம்மயக்கம் விட்டுவிடுவதில்லை. ஏனெனில் ஏமாறுவது அவருடைய கண்ணே.

இதற்கு மாற்றும் ஃபார்ன்பரோவிலிருந்தே வந்தது. 1950களில் கால்வெர்ட்டும் ஸ்பார்க் என்பவரும், மேற்பாதி வெள்ளையாகவும் கீழ்ப்பாதி சிவப்பாகவும் ஒளிவீசும் விளக்குகளை ஓடுபாதையின் ஓரத்தில் வைக்கும் முறையை வகுத்தார்கள். 1970களில் அதே நிலையத்தைச் சேர்ந்த ஸ்மித், ஜான்சன் என்னும் இருவர் அதை இன்னும் நுட்பமாக்கினார்கள். பேப்பி என்று இன்று உலகெங்கும் வழங்கும் அமைப்பு அதுவே. ஓடுபாதையின் இடப்புறத்தில், சக்கரம் தொடும் இடத்தருகே நான்கு விளக்குகள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் சற்றே வேறுபட்ட கோணத்தில் நிமிர்ந்திருக்கிறது. சரியான சரிவில் வருபவருக்கு இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரியும். சற்று உயர்ந்தால் மூன்று வெள்ளை. மிக உயர்ந்தால் நான்கும் வெள்ளை. தாழ்ந்தால் சிவப்பு மூன்றாகும். நான்கும் சிவந்துவிட்டால் தரை மிக அருகே வந்துவிட்டது என்பது பொருள். ஒரு நிறம் மற்றொன்றாக மாறும் எல்லை மிகக் கூர்மையானது. ஒரு கிலோமீட்டர் தொலைவில், அந்த எல்லையில் இருப்பவர் ஒரு மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் நிறம் மாறிவிடும். ட்ரெம் தளத்து மூடிவிளக்கின் தத்துவம் இங்கே வேறு உருவில் தொடர்வதைக் காண்கிறோம்.

இத்தனை விளக்குகளையும் எரியவைப்பது எப்படி என்று மின்சாரம் அறிந்தவர்கள் கேட்கலாம். பல கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியில் அவை மாலையில் கோத்த பூக்களைப் போல ஒரே தொடராக இணைக்கப்படுகின்றன. தொடரில் எங்கும் ஒரே அளவு மின்னோட்டம், பொதுவாக 6.6 ஆம்பியர், ஓடுவதால் முதல் விளக்கும் கடைசி விளக்கும் ஒரே அளவில் ஒளிர்கின்றன. கலியாணப் பந்தலின் தொடர்விளக்குகளில் ஒன்று கெட்டால் எல்லாம் அணைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். இங்கே அது நேராதபடி விளக்குதோறும் ஒரு சிறிய மின்மாற்றியை வைத்திருக்கிறார்கள். இதற்கும் மேலாக, அடுத்தடுத்த விளக்குகளை இருவேறு தொடர்களில் மாற்றி மாற்றிக் கோப்பதும் வழக்கம். ஒரு தொடர் முழுவதும் பழுதானாலும் வரிசையில் இடைவெளி இரு மடங்காகுமே தவிர வரிசை என்னும் வடிவம் அழியாது. மிக மோசமான மூடுபனியிலும் விமானங்களை ஏற்கும் ஓடுபாதைகளில், மின்சாரம் நின்றால் முக்கியமான விளக்குகள் ஒரே விநாடிக்குள் மாற்று மின்சாரத்தில் எரியத் தொடங்க வேண்டும் என்பது விதி. விநாடிக்கு எழுபது மீட்டர் என்று முன்பு சொன்னதை நினைத்தால் இவ்விதியின் கடுமை புரியும்.

ஒளி மிகுவதும் ஆபத்து. தெளிந்த இரவில் முழு ஒளியையும் ஏற்றினால் விமானிக்குக் கண் கூசும். ஓடுபாதை உண்மையைவிட அருகில் இருப்பதாகவும் தோன்றும். ஆகவே கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஐந்து படிகளில் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வசதி செய்திருக்கிறார்கள். கடைசிப் படியில் நூற்றில் ஒரு பங்கு ஒளியே இருக்கும். மிகுந்த ஒளி வேண்டியிருப்பது மூடுபனி படர்ந்த பகற்பொழுதில் என்பது பலருக்கும் வியப்பாயிருக்கலாம். ஓரத்து விளக்குகளின் தண்டுகள், விமானம் தவறி மோதினால் தாமே முறிந்துவிடும்படி மெலிந்த கழுத்துடன் செய்யப்பட்டவை. நடுக்கோட்டு விளக்குகளோ தரைக்குமேல் விரற்கனமே தெரியும். அவற்றின்மீது பெரிய விமானங்கள் ஏறி ஓடுகின்றன. சக்கரத்து ரப்பர் தேய்ந்து அவற்றின் கண்ணாடியில் கரியாகப் படியும். போக்குவரத்து ஓய்ந்த நேரத்தில் ஆட்கள் வண்டியில் சென்று அதைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இக்காலத்தில் பழைய இழைவிளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் வந்துகொண்டிருக்கின்றன. மின்செலவு குறைவு, ஆயுள் அதிகம். குளிர்நாடுகளில் மட்டும் ஒரு சிறு குறை: அவை சூடாவதில்லையாதலால் அவற்றின்மேல் விழும் பனி உருகாமல் நின்றுவிடுகிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை.

நிறங்களைப் பற்றிப் பின்னர்க் காண்போம் என்றேன். 2017 ஜூலை 7ஆம் நாள் நள்ளிரவிற்குச் சற்று முன்பு, 140 பேருடன் டொரான்டோவிலிருந்து வந்த ஏர் கனடா விமானம் ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வந்தது. அங்கே இணையாக இரண்டு ஓடுபாதைகள் உண்டு. அன்றிரவு இடப்புறத்து ஓடுபாதை வேலைக்காக மூடப்பட்டு, அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. அந்த அறிவிப்பு விமானிகளின் தாள்களில் இருந்தும் மனத்தில் நிற்கவில்லை. இரண்டு ஓடுபாதைகளை எதிர்பார்த்து வந்த கண், ஒளியுடன் தெரிந்த வலப்புறத்து ஓடுபாதையை இடப்புறத்தது என்று எடுத்துக்கொண்டது. அதற்கு வலப்பக்கத்தில் இருந்த இணைப்புப் பாதையை, தாம் இறங்க வேண்டிய ஓடுபாதை என்று எண்ணிக்கொண்டது. அந்தப் பாதையின் நடுவில் எரிந்தவை பச்சை விளக்குகள். அதன்மேல், புறப்படுவதற்காக நான்கு பெரிய விமானங்கள் பயணிகளுடன் வரிசையில் காத்து நின்றன.

வந்த விமானிகளுக்குப் பாதையின்மேல் ஏதோ விளக்குகள் இருப்பதாகப் பட்டது, கோபுரத்தைக் கேட்டார்கள், ஓடுபாதையில் ஒன்றுமில்லை என்று விடை வந்தது. உண்மைதான், ஓடுபாதையில் ஒன்றுமில்லை. விமானம் மேலும் தாழ்ந்தது. வரிசையில் முதலில் நின்றிருந்த விமானத்தின் விமானி, இவர் எங்கே வருகிறார், இணைப்புப் பாதைக்கல்லவா வருகிறார் என்று வானொலியில் கூறினார். இரண்டாவதாக நின்ற விமானத்தில் இருந்தவர்கள் தங்கள் முகவிளக்குகளை ஏற்றினார்கள். வந்த விமானம் முதல் விமானத்தைக் கடந்து, தரைக்குச் சுமார் 18 மீட்டர் உயரத்தில் இரண்டாவதன் மேலாகப் பறந்து, அங்கிருந்து மூக்கை உயர்த்தி மேலேறிற்று. வட்டமிட்டு இரண்டாம் முறை வந்தபோது, வெண்விளக்குகளுக்கு நடுவே இறங்கிற்று.